நான்கு மாத உறுப்பினர்

நண்பர்களே, சான்சிபார் என்றதும் பலருக்குக் கிராம்புதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அந்தத் தீவின் கால்பந்துக் கூட்டமைப்பைப் பற்றி.

1964 ஏப்ரலில், எதிரே ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இருந்த தாங்கனிக்கா நாட்டோடு சேர்ந்து தான்சானியா ஆன பிறகும் சான்சிபாருக்குத் தனி அதிபர் உண்டு, தனிச் சட்டமன்றம் உண்டு. கால்பந்தும் தனிக்குடித்தனம்தான். அவர்கள் நடத்தும் லீக்கில் கே.எம்.கே.எம். என்று ஓர் அணி இருக்கிறது. கடத்தலைத் தடுக்கும் கடல்காவல் படையின் அணி. கடலில் படகைத் துரத்துகிற படை, கரையில் பந்தைத் துரத்துகிறது!

இந்த லீக்கில் முதலிடம் பிடிக்கும் கிளப், ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீகில் ஆடலாம். ஆனால் தீவின் தேசிய அணி, ஆப்பிரிக்கக் கோப்பையின் தகுதிச் சுற்றில்கூட இறங்க முடியாது. கிளப் என்றால் தனி நாடு, தேசிய அணி என்றால் தான்சானியாவின் ஒரு பகுதி. இது என்ன கணக்கு?

2017 மார்ச்சில் இந்தக் கணக்கு தீர்ந்ததுபோல் தெரிந்தது. அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, சான்சிபாரைத் தன் 55-வது முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த படி ஃபிஃபா. அங்கே இடம் கிடைத்தால் வளர்ச்சி நிதியும் நேராக வந்து சேரும். ஜூலையில் ரபாத்தில் மறுபடியும் கூடினார்கள். உறுப்பினர் பதவியைப் பறித்தார்கள். ஒரே நாட்டிலிருந்து இரண்டு சங்கங்களைச் சேர்க்க முடியாது என்றார் தலைவர் அகமது அகமது.

விதி அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஒரு தீவுக்கு விட்டுக்கொடுத்தால் நாளை இன்னொரு பகுதி வந்து நிற்கும் என்ற பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த விதிப்புத்தகம் மார்ச்சில் எங்கே போயிருந்தது? பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டபின் எழுப்பிவிடுவதா? டென்மார்க்கின் பரோயே தீவுகளை ஃபிஃபா 1988-இல் சேர்த்தது, இன்றுவரை ஆடுகிறார்கள். விதியை இறுக்குவதற்கு முன்பே உள்ளே போய்விட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதவி போன அதே ஆண்டு டிசம்பரில், கென்யாவில் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் போட்டி. 1995-இல் சான்சிபார் வென்ற கோப்பை அது. இம்முறை தான்சானியப் பெருநிலத்தின் அணியையே 2-1 என்று வீழ்த்தினார்கள். அரையிறுதியில் உகாண்டா வெளியேறியது. இறுதியில் கென்யா இரண்டு முறை முந்தியது, இரண்டு முறையும் கோல் போட்டுச் சமன் செய்தார்கள். பெனால்ட்டியில்தான் கோப்பை கைநழுவியது.

ஃபெய்சல் சலும் போன்ற நல்ல ஆட்டக்காரர்கள் இன்று தான்சானியச் சட்டையில் ஆடுகிறார்கள். 2025 ஆகஸ்டில், உள்நாட்டு லீக் வீரர்களுக்கான ஆப்பிரிக்கப் போட்டியின் சில ஆட்டங்கள் சான்சிபாரின் அமான் மைதானத்தில் நடந்தன. மைதானம் அவர்களுடையது, போட்டிப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.