ஆச்சியின் இரண்டாவது பிடி

நடுவர் அவர்களுக்கும், சபையார் கூடி விருந்துண்ணும் இந்த அசனப் பண்டிகைக்கு வந்திருக்கும் திருச்சபையாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். சபையை அதிகம் கெடுப்பது வெளிப்படையான சண்டையா, மறைவான பாவமா? மறைவான பாவமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அல்வா தின்றால் எனக்கா சர்க்கரை ஏறும்?" நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணே, அவர் சொந்தக் காசில் வாங்கித் தின்றால் உங்களுக்கு ஏறாதுதான். ஆனால் அது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த அல்வா என்றால்? கடைசி வரிசைப் பிள்ளையின் இலையில் ஒன்றும் விழாது. யார் தின்றது என்று அதற்குத் தெரியாது. பரிமாறுகிறவரைத்தான் முறைத்துப் பார்க்கும்!

வேதாகமத்தில், எரிகோ பட்டணத்தைப் பிடித்தபோது இஸ்ரவேலனான ஆகான் எடுத்ததும் அப்படித்தான். கர்த்தருக்கென்று விலக்கி வைத்ததில் ஒரு பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச் சேக்கல், 50 சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளம். கூடாரத்துக்குள் புதைத்துவிட்டான். இஸ்ரவேலில் ஒருவருக்கும் தெரியாது. ஆயி பட்டணத்துக்குச் சுமார் 3,000 பேர் போனார்கள், தோற்று ஓடி வந்தார்கள், 36 பேர் செத்தார்கள். "வெளியே வந்தால்தானே பிரச்சினை" என்றீர்களே அண்ணே, விசாரித்ததும் தோண்டியதும் அப்புறம்தான். சாவு முதலில் விழுந்துவிட்டது! காரணம் தெரியாத தலைவர் யோசுவா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, "எங்களை ஏன் யோர்தானைக் கடக்கப்பண்ணினீர்" என்று ஆண்டவரிடமே கேட்கிறார். இலையில் ஒன்றும் விழாத பிள்ளை பரிமாறுகிறவரைப் பார்த்த பார்வைதான் அது.

சரி, யோசுவா காலம் பழசு. எங்கள் ஊருக்கு வாருங்கள்.

கைப்பிடி அரிசி உங்களுக்குத் தெரியும். உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவது. மிசோரமில்கூட 1910 முதல் இந்த வழக்கம் உண்டு. அந்த அரிசியில் மிஷனெரி ஊழியர்களையே அனுப்புகிறார்கள். எங்கள் சபையில் அரிசியை ஏலம் விட்டு சபையை நடத்தும் உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கணக்கு எழுதினவர் அதில் வாரம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். கொஞ்சம்தான். பல வருடம் யாருக்கும் தெரியாது.

உபதேசியார் சம்பளம் குறைந்தது. அவர் மகள் படிப்பை நிறுத்தினாள். பெண்கள் சங்கத்தில் பேச்சு எழுந்தது: "வடக்குத் தெருக்காரங்க முன்ன மாதிரி போடுறதில்லை." வடக்குத் தெரு தெற்குத் தெருவைச் சொன்னது. அடுத்தவள் பானையை எட்டிப் பார்த்தார்கள். அக்காள் தங்கை பேச்சை நிறுத்தினார்கள். எதிரணியினரே, நீங்கள் சொல்லும் சண்டை இதுதான்! எதிலிருந்து முளைத்தது என்று பாருங்கள்.

எங்கள் ஆச்சி சண்டைக்குப் போகவில்லை. ஒரு பிடி போட்ட இடத்தில் இரண்டு பிடி போட்டாள். வீட்டில் பேரப்பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். எங்கள் தட்டில் சோறு குறையவில்லை. யார் தட்டில் குறைந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ராத்திரி அவள் நீராகாரம் குடிப்பாள். ஏன் ஆச்சி என்றால், "பசிக்கல மக்கா" என்பாள். ஒன்று சொல்கிறேன், கோயிலுக்குக் கொண்டுபோன அரிசி குறையவே இல்லை. கொட்டின பிறகுதான் குறைந்தது. என் ஆச்சிதான் பட்டினி கிடந்தாள்.

உண்மை வெளியே வந்தபோது அவள் இறந்து மூன்று வருடம். அவளிடம் போய், "உங்க பிடியில குறை இல்ல ஆச்சி" என்று சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கடைசிவரை அவள் தன் கையைத்தான் குறை சொன்னாள். "வயசாயிட்டுல்லா, கை சுருங்கிட்டு. முந்தி கொள்ளுற அளவு அரிசி இப்ப கொள்ள மாட்டேங்கு" என்று விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டுவாள்.

வணக்கம்.