அரசர் நல்லவராக இருந்தால் போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நீதியைக் காப்பது சான்றோர் ஆட்சியா, சட்டத்துக்கு உட்பட்ட குடியரசா என்பது தலைப்பு. நான் குடியரசின் பக்கம்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தது எந்த ராஜா? மக்கள் ஓட்டுப் போட்டல்லவா கொன்றார்கள்!" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அதற்குப் பதில் சொல்லாமல் இங்கிருந்து இறங்க மாட்டேன்.

அண்ணே, நீங்கள் சொன்னது உண்மைதான். கி.மு. 399, கிரேக்க நகரமான ஏதென்ஸ். சுமார் 500 குடிமக்கள் உட்கார்ந்து ஞானி சாக்ரடீசை ஒரே நாளில் விசாரித்து, ஓட்டெடுத்து, மரண தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு கிடையாது. ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்னால் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? முப்பது பேர் ஏதென்ஸை ஆண்டார்கள். மேட்டுக்குடிக்காரர்கள். அவர்களில் முக்கியமான கிரிட்டியாஸ் சாக்ரடீசோடு பழகியவன், சாக்ரடீசின் சீடர் பிளேட்டோவுக்குத் தாய்வழி உறவு. லியோன் என்ற குற்றமற்ற மனிதரைக் கொல்வதற்காகப் பிடித்து வரச் சொல்லி சாக்ரடீசுக்கே உத்தரவு போட்டார்கள். அவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆட்சி கவிழ்ந்திராவிட்டால் அதற்காகவே தன்னைக் கொன்றிருக்கலாம் என்று அவரே நீதிமன்றத்தில் சொன்னதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

ஏதென்ஸ் செய்த தவறைக் குடியரசுக்காரர்கள் மறைக்கவில்லை, அதிலிருந்து பாடம் படித்தார்கள். மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசாங்கமே தேவைப்படாது என்று அமெரிக்க அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான மேடிசன் 1788இல் எழுதினார். ஆள்பவரும் மனிதர், ஓட்டுப் போடுகிறவரும் மனிதர். அதனால்தான் இருவருக்கும் கடிவாளம் வேண்டும் என்றார்.

சரி, பிளேட்டோவுக்கு வருவோம். மெய்யறிவாளர் அரசராகும்வரை நாடுகளின் துன்பம் தீராது என்றவர் அவர். நாற்பது வயது வாக்கில் சிசிலித் தீவின் சிரக்கூஸுக்குப் போனார். அங்கே டயோனீசியஸ் ஆட்சி. பழைய நூல் சொல்லும் கதை இது. ஆள்பவன் தன் நலனை மட்டும் பார்க்கக் கூடாது, அறத்திலும் உயர்ந்தவனாக இருக்க வேண்டும் என்கிறார் பிளேட்டோ. "இது கிழவன் பேச்சு" என்கிறான் மன்னன். "உன்னுடையது கொடுங்கோலன் பேச்சு" என்கிறார் பிளேட்டோ. எப்பேர்ப்பட்ட துணிச்சல்! அப்புறம் என்ன ஆயிற்று? மன்னன் முதலில் கொல்லத்தான் நினைத்தான். வேண்டியவர்கள் கெஞ்சிக் கூத்தாடித் தடுத்தார்கள். கடைசியில் ஏஜினா தீவில் அடிமையாக விற்றுவிட்டார்கள். உலகமே கொண்டாடும் ஞானிக்குச் சந்தையில் விலை பேசினார்கள், ஐயா! அன்னிகெரிஸ் என்ற சிரீன் நகரத்துக்காரர் இருபது மினா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பணம்) கொடுத்து மீட்டார். பிளேட்டோவுக்கு ஒரு அன்னிகெரிஸ் கிடைத்தார். கிடைக்காதவர் என்ன செய்வார்?

அதற்கும் ஒரு உண்மைக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெட் என்றொரு கறுப்பின அடிமைப் பெண். ஒருநாள் எஜமானி பழுக்கக் காய்ந்த அடுப்புக் கரண்டியை இன்னொரு பெண்மேல் ஓங்கினாள். பெட் குறுக்கே கையை நீட்டித் தாங்கிக்கொண்டார். ஆறிய பிறகும் தழும்பை மறைக்கவில்லை. யாராவது கேட்டால், "எஜமானியிடம் கேளுங்கள்" என்பார்.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று யாரோ வாசித்தது காதில் விழுந்தது. 1780இல் வந்த அந்த மாநில அரசியலமைப்பின் முதல் பிரிவே அதுதான். நேராக வழக்கறிஞர் செட்ஜ்விக்கின் வீட்டுக்குப் போனார். "சட்டம் எனக்கும் விடுதலை தராதா?" என்று கேட்டார். 1781இல் வழக்கு நடந்தது, வென்றார். எஜமானர் 30 ஷில்லிங் இழப்பீடும் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே நாட்டில் அடிமைமுறை முற்றிலும் ஒழிய 1865 ஆயிற்று, அந்தக் களங்கத்தை நான் மூடி மறைக்கமாட்டேன். ஆனால் அந்த அம்மாவுக்காக எந்த ஞானியும் மனம் இரங்க வேண்டியிருக்கவில்லை. நல்ல எஜமானர் வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை.

பின்னாளில் அவர் சொன்னதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். "அடிமையாக இருந்தபோது யாராவது ஒரே ஒரு நிமிடம் விடுதலை தருகிறேன், அது முடிந்ததும் நீ சாக வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். கடவுளின் மண்ணில் ஒரு நிமிடம் சுதந்திரப் பெண்ணாக நிற்பதற்காக."

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.