ஆமா போடுகிறவர்

நேயர்களுக்கு வணக்கம். நான் மைக் செட் தொழிலில் இருப்பவன். பாளையங்கோட்டையில் எங்கள் அத்தான் வைத்திருந்த கடையில் பதினான்கு வயதில் வயர் சுற்றத் தொடங்கினேன். இப்போது நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. கல்யாண வீடு, சடங்கு வீடு, கொடை என்று நாங்கள் சொல்கிற கோயில் திருவிழா, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம், கல்லூரி விழா என்று எல்லா மேடைக்கும் பக்கவாட்டில், ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இருப்பவனுக்கு மேடையில் பேசுகிறவரின் முதுகுதான் தெரியும். ஆனால் எதிரே இருக்கிற கூட்டத்தின் முகம் அத்தனையும் தெரியும். யார் எப்போது சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் சிரிப்பு வராமல் போகிறது என்று அங்கே இருந்துதான் பார்த்துப் பழகினேன்.

மேடையில் தனியாக நின்று சிரிக்க வைப்பவர்களைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னார்கள். ஸ்டாண்ட்-அப் காமெடி என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான். எனக்குப் பிடித்தவர்கள் சிலரைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் நான் வில்லுப்பாட்டில் இருந்துதான் தொடங்க வேண்டும். நம்ம ஊர்க்காரன் வேறு எங்கே இருந்து தொடங்குவான்?

வில்லுப்பாட்டு மேடையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நடுவில் வில்லோடு புலவர். அவர் கையில் வீசுகோல். சுற்றிலும் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. பக்கத்தில் ஒருவர் இருப்பார். அவருக்கு வேலை என்ன? புலவர் ஒரு வரி சொன்னதும் "ஆமா" என்பார். "ராஜா வேட்டைக்குப் போனாரு." "ஆமா." "போன இடத்துல ஒரு பொண்ணப் பாத்தாரு." "ஆமா, பாத்தாரு." நடுவில் "அது எப்படி?" என்று கேட்பார், "ஐயையோ" என்பார், சில நேரம் "அதெல்லாம் நம்புத மாதிரி இல்லியே" என்றும் சொல்வார். சின்னப் பிள்ளையில் எனக்கு அந்த ஆள் வெட்டியாக உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். கதை தெரிந்தவர் புலவர், பாடுகிறவர் புலவர், இவர் ஆமா மட்டும்தானே போடுகிறார் என்று நினைப்பேன். அந்த எண்ணம் ஒரே ராத்திரியில் மாறியது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஊர். சுடலைமாடன் கோயில் கொடை. நான் அப்போது கடைக்குப் போகத் தொடங்கிய புதிது. தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியாயிற்று. மேடைக்கு இரண்டே மைக். ஒன்று புலவருக்கு, ஒன்று குடத்துக்கு. அதற்கு மேல் விழாக் கமிட்டியார் காசு தர மாட்டார்கள். அன்றைக்கு முத்துப்பட்டன் கதை. காரையாற்றுக்குப் பக்கத்தில் சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் பட்டவராயன் சன்னதியைப் பார்த்திருப்பீர்கள், அவர் கதைதான். அந்தணர் குலத்துப் பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற அக்கா தங்கை இரண்டு பேர் மேலும் ஆசைப்பட்டு, அவர்கள் அப்பா வாலப்பகடையிடம் பெண் கேட்டுப் போகிறான். அவரோ செருப்புத் தைக்கிற குலம். "எங்களைப் போல மாறி, செருப்புத் தைத்து விற்றுவிட்டு வா, பிறகு பார்க்கலாம்" என்கிறார். பட்டனும் குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

மணி ராத்திரி இரண்டு இருக்கும். ஆமா போடுகிறவர் முந்தின நாளும் வேறு ஊரில் கச்சேரி முடித்துவிட்டு வந்தவர். அசதியில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டார். புலவர் பாடுகிறார்: "பட்டன் செருப்புத் தைக்க உக்காந்தாரு." சத்தம் இல்லை. வில்லை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் சொன்னார்: "செருப்புத் தைக்க உக்காந்தாரு." அப்போதும் சத்தம் இல்லை. குடக்காரரும் கையை நிறுத்திவிட்டார். எனக்கு மைக்தான் போய்விட்டதோ என்று பயம், வயரைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் முன்வரிசையில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி, வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "ஆமாய்யா, உக்காந்துட்டாரு. நீ மேல சொல்லு."

அப்போது எழுந்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் கேட்டதில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். புலவர் கெட்டிக்காரர். ஆமா போடுகிறவரை எழுப்பவில்லை. பட்டன் வாரை அறுக்கிறான், "என்ன ஆச்சி, சரியா அறுக்கானா?" "கோணலா அறுக்கான்யா." செருப்பைச் சந்தைக்குக் கொண்டுபோகிறான், "ஆச்சி, நீங்க வாங்குவியளா?" "எனக்கு எதுக்கு? நான் பொறந்ததுல இருந்து வெறுங்காலு." விடியும்வரை கதை இப்படியே போனது. எத்தனையோ முறை கேட்ட கதை, அன்றைக்கு ஊரே புதிதாகக் கேட்டது.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான். மேடையில் சிரிக்க வைக்கிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஆமாவைத்தான். சிரிப்பு என்பதே சத்தமாகப் போடுகிற ஆமா என்று எனக்குத் தோன்றுகிறது. "ஆமா, எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்று மனசு சொல்கிற நேரத்தில் வாய் சிரித்துவிடுகிறது. வில்லுப்பாட்டில் அந்த ஆமாவுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆள் வைத்திருந்தார்கள். தனியாக மேடை ஏறுகிறவருக்கு அந்த ஆள் இல்லை. அதனால் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஆச்சியை அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை எல்லோருக்கும் சினிமாவில் தெரியும். 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் வில்லுப்பாட்டுக் கலைஞர். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் கதாகாலட்சேபத்தின் சாயலில் கிந்தனார் காலட்சேபம் செய்வாரே, நினைவிருக்கிறதா? நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை என்றால், கிந்தனுக்குப் படிக்க ஆசை. தனி மேடைச் சிரிப்புக்கு நம்மிடம் அதைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன். கிண்டல் இருக்கிறது, ஆனால் படிக்க ஆசைப்படுகிற பையனின் மேல் ஒரு துளி கிண்டலும் விழாது. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதில் அவருக்குக் கைசுத்தம் உண்டு.

அவர் சென்னைக்கு அழைத்துப் போனவர்தான் சுப்பு ஆறுமுகம். நம்ம சத்திரம் புதுக்குளத்துக்காரர், 1928-ல் பிறந்தவர். கொடை மேடையில் இருந்த வில்லை வானொலிக்கும் சபாக்களுக்கும் கொண்டுபோனார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த வருஷம் 94-வது வயதில் காலமானார். வானொலியில் அவரைக் கேட்கும்போது பக்கத்தில் இருந்து வருகிற ஆமாவைக் கவனித்துக் கேளுங்கள். வீட்டில் தனியாகக் கேட்கிற உங்களுக்குத் துணையாக ஒருவர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இந்த அறையில் இப்போது எனக்கு ஆமா போட ஆள் கிடையாது. நீங்கள் வீட்டில் போடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இன்றைய ஆட்களுக்கு வருகிறேன். 2005-ல் விஜய் தொலைக்காட்சியில் 'கலக்கப்போவது யாரு' வந்தது. சிவகார்த்திகேயன், ரோபோ சங்கர் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். அதன் பிறகு கல்லூரி விழாக்களில் எனக்கு வேலை கூடிவிட்டது. மதுரை முத்துவை எனக்குப் பிடிக்கும். மூச்சுவிட நேரம் தராமல் ஒன்றன் பின் ஒன்றாகத் துணுக்கு வரும். ஒன்று தவறினாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். பிரவீன்குமாருடையது வேறு வழி. கெட்ட வார்த்தை ஒன்று கூடக் கிடையாது. மனைவி, பிள்ளை, மாமியார், வீட்டுக் கணக்கு இவ்வளவுதான் சரக்கு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம், அப்படிப் பார்த்தால்தான் சிரிப்பும் கூடுதலாக வரும். கணவன் சிரித்தவுடன் மனைவி திரும்பிப் பார்ப்பார் இல்லையா, அந்தப் பார்வையும் ஒரு ஆமாதான்.

அலெக்சாண்டர் பாபு எனக்கு இவர்களில் ரொம்பப் பிரியமானவர். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வந்தவர். நம் பாடகர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே பாடுவார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நமக்கெல்லாம் தெரிந்த பாட்டின் முதல் அடியை அவர் எடுத்துவிட்டால், அடுத்த அடி கூட்டத்தில் ஒவ்வொருவர் வாயிலும் தயாராக நிற்கும். ஆயிரம் பேர் சேர்ந்து ஆமா போடுவது போல. அப்புறம் அவர் என்ன சொன்னாலும் எடுபடும். கேலியும் ரசனையும் அவரிடம் ஒன்றாகவே வரும். ஒரு பாட்டை உருகி ரசித்தவரால்தான் அதை அப்படிக் கேலி செய்ய முடியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். வெளியூரில் இருந்து வந்த ஓர் இளைஞர், இங்கே ஒரு கல்லூரி மேடையில் ஏறியதும் "ஏலே, வாலே, போலே" என்று நம்ம பேச்சை அடித்துவிட்டார். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. தினமும் பேசுகிற பேச்சில் சிரிக்க என்ன இருக்கிறது? ஐந்து நிமிஷம் அப்படியே போனது. பிறகு அந்தத் தம்பி தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, காலையில் ஊருக்குள் வந்த கதையைச் சொன்னார். "பஸ் ஸ்டாண்ட் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "எந்த பஸ் ஸ்டாண்டு?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஜங்ஷனா, பாளை பஸ் ஸ்டாண்டா, வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டா? மூன்றும் தெரியாமல் அவர் முழிக்க, "எங்கன போகணும்னு தெரியாம பஸ்ஸ மட்டும் தேடி என்ன செய்யப் போறீய?" என்று கேட்டாராம். அவ்வளவுதான், அரங்கம் அதிர்ந்தது. ஆம்ப்ளிபயரில் நான் சத்தத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. நம்ம ஊர் நையாண்டி கேள்விக்குக் கேள்வியாகத்தான் வரும். "சாப்பிட்டியளா?" என்றால் "பின்ன, பட்டினியா கெடப்போம்?" என்று வரும். ஏலே என்ற வார்த்தையைப் பிடித்தவருக்கு அது கிடைக்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டபோது கிடைத்தது. இமான் அண்ணாச்சி சின்னப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாரே, அந்தக் காத்திருப்பில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது.

மைக் போடுகிறவன் என்ற முறையில் இன்னொன்று. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் கத்துகிறவர்கள்தான் அதிகம். கைதேர்ந்தவர்கள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி மைக்குக்குப் பக்கத்தில் வருவார்கள். கூட்டம் கொஞ்சம் முன்னால் சாயும். அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம். நம் தமிழ் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது, வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? "எங்க சித்தப்பா யார்கிட்டயும் கைநீட்டிக் காசு வாங்க..." என்று நிறுத்துங்கள். கேட்பவர் மனசு "மாட்டார்" என்று முடித்துவிடும். அப்போது "மறந்ததே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். வாக்கியத்தின் வால் திரும்புகிற திசையில் கதையே திரும்பிவிடும்.

அமெரிக்காவில் பாப் நியூஹார்ட் என்று ஒருவர் இருந்தார். என் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். கணக்கர் வேலை பார்த்தவர். 1960-ல் அவர் பேச்சு இசைத்தட்டாக வந்து, அந்த நாட்டின் பெரிய இசை விருதான கிராமியில் அந்த வருஷத்தின் சிறந்த இசைத்தட்டு என்றே பரிசு வாங்கியது. அதில் பாட்டு ஒன்றும் கிடையாது, பேச்சு மட்டும்தான்! அவருடைய பெயர்போன வித்தை டெலிபோன். இந்தப் பக்கம் இருப்பவர் பேசுவது மட்டும்தான் நமக்குக் கேட்கும். ஒரு தடவை, புகையிலையைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் கடல் தாண்டிக் கூப்பிடுகிறார். இவர் கேட்கிறார்: இலையா? அதைச் சுருட்டுவார்களா? சுருட்டி வாயில் வைப்பார்களா? வைத்து... நெருப்பு வைப்பார்களா? அந்தப் பக்கத்துக் குரல் நமக்குள்ளேயே பேசுகிறது. ஆமா போடுகிறவரை அவர் நம் மனசுக்குள் உட்கார வைத்துவிட்டார். கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை, வானொலிக்கென்றே பிறந்த வித்தை. அவரும் 2024-ல், சுப்பு ஆறுமுகத்தைப் போலவே 94 வயதில் காலமானார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். பெண்களைப் பற்றித்தான் அதிகமாகப் பேச நினைத்து வந்தேன். கரகாட்டம் ஆடுகிறவர் நையாண்டி மேளக்காரரை வாய்ப்பேச்சில் மடக்குவதைக் கொடைகளில் பார்த்திருப்பீர்கள், அதற்கே தனியாக அரைமணி நேரம் வேண்டும். இன்று ஷ்யாமா ஹரிணி போன்றவர்கள் தனியாக மைக் பிடித்து நிற்கிறார்கள். 2020-ல் வந்த 'காமிக்ஸ்தான் செம்ம பா' போட்டியில் அவரைப் பார்த்தேன். வீட்டில் பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கிற விஷயங்களை அப்படியே மேடைக்குக் கொண்டுவருகிறார். கூட்டத்தில் பெண்கள் போடுகிற ஆமா தனியாகக் கேட்கிறது. கொடைகளில் ஆடுகிற கணியான் கூத்தைப் பற்றி எழுதி வந்த தாள் கையிலேயே இருக்கிறது. அதற்கு நேரமில்லை.

ஆச்சி ஆமா போட்ட அந்த ஊர்க் கொடைக்கு இந்த வருஷமும் நான்தான் செட் போடுகிறேன். கமிட்டியார் இப்போதும் இரண்டு மைக்குக்குத்தான் காசு தருகிறார்கள். மூன்றாவதை நானே கொண்டுபோய் ஆமா போடுகிறவர் முன்னால் வைத்துவிடுவேன். வணக்கம்.