“அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?”

வணக்கம். மன்னார்குடியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “சென்ற முறை ‘எனி டே நவ்’ படத்தைப் பற்றிப் பேசினீர்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கிற கதை நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு ஒட்டுமா? நம் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா?”

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012இல் வந்த படம், டிராவிஸ் ஃபைன் இயக்கியது. கதை 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடக்கிறது. ரூடி மேடையில் பெண் வேடமிட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர். பால், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ரூடியின் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போதைப்பொருள் வழக்கில் போலீஸ் கொண்டுபோக, டவுன் நோய்க்குறியுள்ள அவள் மகன் மார்கோ தனித்து நிற்கிறான். காதலர்களான ரூடியும் பாலும் அவனை எடுத்து வளர்க்கிறார்கள். பிறகு வழக்கு, நீதிமன்றம். அவன் எப்படி வளர்கிறான் என்பதைவிட, வளர்ப்பவர்கள் யார் என்பதைத்தான் அங்கே குடைந்து குடைந்து கேட்கிறார்கள்.

அந்தப் படத்தில் பால் தன் மேலதிகாரியிடம் ரூடியை உறவுக்காரன் என்று சொல்லி அறிமுகப்படுத்துவார். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். என் தாய் இறந்தபின் என்னை வளர்த்தது திருவையாற்றில் இருந்த என் மாமாவும், அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த அவருடைய சிநேகிதரும். அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, கண்ணில் சீயக்காய் படாமல் என் நெற்றியில் இடது கையை அணைபோல் வைத்துக்கொண்டு தலைக்கு ஊற்றுவது அவர்தான். அந்த உள்ளங்கையின் சூடு இன்னும் என் நெற்றியில் இருக்கிறது. மாமாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, “அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்கள். சித்தப்பா சற்றுத் தயங்கி, “அண்ணன்” என்றார். அத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், தன்பாலினத் திருமண உரிமையை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்குமே விட்டுவிட்டது. தத்தெடுப்பைப் பொறுத்தவரை ஐந்து நீதிபதிகளில் மூவர், திருமணமாகாத இணையர் சேர்ந்து தத்தெடுக்க முடியாது என்ற விதியை நிலைநிறுத்தினார்கள், இருவர் மாறுபட்டார்கள். 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகள், தம்பதி என்றால் குறைந்தது இரண்டு வருடத் திருமண வாழ்க்கை வேண்டும் என்கின்றன. தனி ஆள் தத்தெடுக்கலாம். ஆண் என்றால் பெண் குழந்தையை எடுக்க முடியாது. ஆகவே இரண்டு ஆண்கள் ஒரு பையனை வளர்த்தால், காகிதத்தில் ஒருவர்தான் தகப்பன். இரவெல்லாம் காய்ச்சலுக்குக் கண்விழித்த மற்றவர் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி எந்த உறவும் இல்லாதவர். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நல்ல வார்த்தை சொன்னது. பெற்றோர் பிடித்து வைத்திருந்த, தன்பாலீர்ப்புள்ள ஓர் இளம்பெண்ணை விடுவித்த வழக்கு அது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அதனால் தத்தெடுப்பு விதி மாறிவிடவில்லை. என்றாலும் சித்தப்பாவுக்கு அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

நம் பக்கத்துக்கு ஒட்டுமா என்ற கேள்விக்கு நான் தஞ்சாவூரையே சாட்சிக்கு அழைக்கிறேன். சரஸ்வதி மகால் நூலகம் என்றதும் நினைவுக்கு வரும் இரண்டாம் சரபோஜி மன்னர் பெற்ற பிள்ளை அல்ல, துளஜா மன்னர் எடுத்த சுவீகாரப் பிள்ளை. 1787இல் துளஜா இறந்ததும், அந்தச் சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்களைக் கொண்டே சொல்ல வைத்து, துளஜாவின் மாற்றாந்தாய்த் தம்பி அமர்சிங்குக்கு ஆங்கிலேயர்கள் பட்டம் கட்டினார்கள். பிறகு மறுபடி பண்டிதர்களைக் கேட்டபோது செல்லும் என்றார்கள். பிள்ளையும் அதே பிள்ளை, சாஸ்திரமும் அதே சாஸ்திரம். 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பையனைக் காத்து, படிக்க வைத்து, அவனுக்காக வாதாடியவர் ஜெர்மனியிலிருந்து வந்த, திருமணமே செய்துகொள்ளாத சுவார்ட்ஸ் பாதிரியார். மொழி வேறு, மதம் வேறு, ரத்த சம்பந்தம் கிடையாது. அவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று நான் சொல்லவில்லை. வளர்த்தவர் தகப்பனாவது இங்கே புதிதல்ல என்றுதான் சொல்கிறேன்.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள தேவாலயத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். சரபோஜி மன்னர் இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது. பாதிரியார் மரணப் படுக்கையில் கிடக்கிறார், மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய கல்லறைக்கு மன்னரே ஆங்கிலத்தில் பாட்டும் எழுதினார். அதில் அவரை அழைப்பது, “என் தந்தையே” என்று.