விண்டோஸ் கீயும் ஆர்-உம் அழுத்தச் சொன்னா கையை எடுத்துடுங்க

வணக்கம்ங்க. இன்னிக்கு போட வேண்டிய வீடியோ வேற. ஆனா நேத்து ராத்திரி அக்கா வீட்டுல நடந்ததைப் பார்த்தப்புறம், இதை முதல்ல சொல்லிடணும்னு உக்காந்துட்டேன்.

அக்கா பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு தமிழ் ஃபான்ட் தேடியிருக்கான். ஒரு பேஜ் திறந்ததும், "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்யவும்"னு ஒரு பெட்டி. தினமும் பாக்குறதுதானே, டிக் பண்ணிட்டான். அடுத்து மூணு வரி. விண்டோஸ் கீயோட ஆர் அழுத்து, கண்ட்ரோல் வி அழுத்து, எண்டர் தட்டு. மூணையும் செஞ்சுட்டான்.

இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. டிக் பண்ற அந்த நொடியிலயே அந்த பேஜ் ஒரு கமாண்டை, அதாவது கம்ப்யூட்டருக்குக் கொடுக்குற உத்தரவை, சத்தமில்லாம காப்பி பண்ணி வெச்சிடும். விண்டோஸ் கீயும் ஆரும் சேர்ந்தா ரன் பெட்டி திறக்கும். கண்ட்ரோல் வி அதுல கமாண்டைப் போடும், எண்டர் ஓட விடும். அந்தப் பெட்டி ரொம்பச் சின்னது, நீள கமாண்டோட வால் மட்டும்தான் கண்ணுல படும். அந்த வால்ல "நான் ரோபோ இல்லை"ன்னு எழுதி வெச்சிருப்பாங்க! புள்ளையை எப்படிங்க திட்டுறது? இதுக்குப் பேரு கிளிக்ஃபிக்ஸ், 2024-ல இருந்து பரவிட்டிருக்கு.

ஆன்டிவைரஸ் இருந்துச்சே மாமான்னு கேட்டான். இருந்துச்சுதான். கதவைத் திறந்தது நம்ம கைங்கிறதால பல நேரம் அது தடுக்காது.

உள்ள வர்றது பெரும்பாலும் திருட்டு ப்ரோகிராம். ப்ரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டை அள்ளும். லாகின் குக்கீயையும், அதாவது நீங்க ஏற்கனவே உள்ள நுழைஞ்சிருக்கீங்கன்னு காட்டுற அடையாளத்தையும் எடுத்துடும், அது இன்னும் மோசம். அது கையில இருந்தா ஓடிபி இல்லாமலே உங்க மெயிலுக்குள்ள போயிடலாம். லும்மான்னு ஒரு திருட்டு ப்ரோகிராம், 2025 மார்ச் 16-ல இருந்து மே 16-க்குள்ள மட்டும் 3,94,000-க்கு மேல விண்டோஸ் கம்ப்யூட்டர்ல புகுந்திருந்ததா மைக்ரோசாஃப்ட் சொல்லுச்சு.

நான் போனதும் வைஃபையை ஆஃப் பண்ணேன். பாஸ்வேர்டை அந்தக் கம்ப்யூட்டர்ல மாத்தவே கூடாது, புதுசும் போயிடும். அக்கா போன்ல மாத்தி, எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட் கொடுத்தோம். போட்டோவை மட்டும் எடுத்துக்கிட்டு விண்டோஸை அழிச்சு புதுசா போட்டேன். நல்லவேளை, பணம் போகல. போயிருந்தா சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு உடனே அடிக்கணும்.

இப்ப அவனுக்குத் தனி அக்கவுண்ட், அட்மின் உரிமை கிடையாது. அக்காவோட பாஸ்வேர்டு இருக்குற பக்கம் அதுல இருந்து எட்டாது. ஆட் பிளாக்கரும் போட்டாச்சு, விண்டோஸ் அப்டேட்டும் முடிச்சாச்சு.

உங்க வீட்டுப் பசங்க, அப்பா அம்மா, எல்லார்கிட்டயும் இந்த ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க: நிஜமான ரோபோ சோதனை ப்ரவுசரை விட்டு வெளிய வந்து எதையும் பேஸ்ட் பண்ணச் சொல்லாது. மேக் வெச்சிருக்கவங்களுக்கு டெர்மினல்ல, அதாவது அங்க கமாண்ட் அடிக்கிற ஆப்ல, பேஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க, அதுவும் இதேதான்.

அப்புறம் ஃபான்ட்டு. கூகுள் ஃபான்ட்ஸ்லயே தமிழ் எழுத்து இலவசமா நிறைய இருக்குங்க. முக்த மலர், பவனம், கவிவனார் மூணையும் காட்டினேன். கவிவனாரை எடுத்துக்கிட்டான்.