1,00,000 லூமன் டோர்ச்சா? முதல்ல தராசுல வைங்க!

வணக்கம் மக்களே. இன்னைக்கு எங்கயும் கிளம்பல. தகரத்துல கொட்டுற சத்தம் உங்களுக்கே கேக்கும். ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை புடிச்சா எப்படின்னு நான் சொல்லித் தெரியணுமா? மைக்கைக் கிட்ட வச்சிருக்கேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

போன கூடார வீடியோவுக்குக் கீழ ஒரே லிங்கை எத்தனை பேரு போட்டிருக்கீங்க! "அண்ணே இது நல்லதா, வாங்கலாமா?" உள்ள போய்ப் பார்த்தா ஒரு டோர்ச், 1,00,000 லூமனாம். 5 கிலோமீற்றர் அடிக்குமாம். விலை 2,990 ரூபா, "இன்னைக்கு மட்டும்". அந்த இன்னைக்கு முடியவே மாட்டேங்குது, நேத்தும் அதே இன்னைக்குத்தான். எனக்கு வந்த எரிச்சல்ல இந்த வீடியோ. கேம்பிங்குக்கு டோர்ச், மொத்த செலவு 10,000 ரூபாய்க்குள்ள, தூரம் அடிக்கணும், மழை தாங்கணும், கல்லுல விழுந்தா உயிரோட இருக்கணும். அவ்வளவுதான் இன்னைக்கு.

இருங்க, பேசிக்கிட்டே இந்த டோர்ச்சைச் சார்ஜ்ல போட்டுடுறேன். கடைசில அடிச்சுக் காட்டணும். ம். சரி.

முதல்ல அந்த ஒரு லட்சத்தைப் பார்ப்போம். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100லருந்து 150 லூமன் வரைக்கும் தரும். அப்ப ஒரு லட்சத்துக்கு 700, 1000 வாட்டு வேணும். அது அயன் பெட்டி இழுக்கிற கரண்டு. அவன் உள்ள போட்டிருக்கிறது 18650ன்னு சொல்ற ஒத்தை லித்தியம் பெட்டரி. அதுல மொத்தமா இருக்கிறதே 10, 12 வாட்டு-மணி, அதாவது 10, 12 வாட்டை ஒரு மணித்தியாலம் குடுக்கிற சக்தி. 1000 வாட்டு இழுத்தா 40 செக்கன்ல காலி. பெட்டரிக்கு முன்னாடி புடிச்ச கை காலி.

5 கிலோமீற்றர் கதை இன்னும் அழகு. டோர்ச் எவ்வளவு தூரம் அடிக்கும்ங்கிறதை லூமன் சொல்லாது. லூமன்ங்கிறது மொத்தமா எவ்வளவு வெளிச்சம் கொட்டுதுங்கிற கணக்கு. பீலியில வர்ற மொத்தத் தண்ணி மாதிரி. அந்தத் தண்ணி எவ்வளவு தூரம் பீச்சும்னு தெரியணும்னா கெண்டெலா பார்க்கணும், அது ஒரே திசையில வெளிச்சம் எவ்வளவு பலமாப் போகுதுங்கிற கணக்கு. அமெரிக்காவில டோர்ச்சுக்குன்னு 2009ல வந்த எஃப்.எல்.1 தரத்துல இதுக்கு ஒரு கணக்கு இருக்கு: கெண்டெலாவோட வர்க்கமூலத்தை ரெண்டால பெருக்குங்க, மீற்றர் வந்துரும். 10,000 கெண்டெலான்னா 200 மீற்றர். 40,000ன்னா 400. 90,000ன்னா 600. 5 கிலோமீற்றர் அடிக்கணும்னா 62 லட்சத்து 50 ஆயிரம் கெண்டெலா. 2,990 ரூபாய்க்கு!

இன்னொண்ணு. அந்த 600 மீற்றர்ல என்ன வெளிச்சம் இருக்கும்னு நினைக்கிறீங்க? 0.25 லக்ஸ், லக்ஸ்ங்கிறது ஒரு இடத்துல விழுற வெளிச்சத்தோட அளவு. மேகமில்லாத பௌர்ணமிப் போயா ராத்திரி நிலா வெளிச்சம், அவ்வளவுதான். அங்க ஒரு மரம் நிக்குதுன்னு தெரியும், மரத்தடியில என்ன நிக்குதுன்னு தெரியாது. பாதித் தூரத்துல வெளிச்சம் நாலு மடங்கு. அதனால அட்டையில போட்டிருக்கிற தூரத்தைப் பாதியாக்கிப் படிங்க. மடுல்சீமை விளிம்புல கூடாரம் போட்டு எதிர் மலையைப் பார்க்கணும்னாலும், நக்கிள்ஸ்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் பாதை எங்க ஏறுதுன்னு தேடணும்னாலும் 200, 300 மீற்றர் சுத்தமாத் தெரிஞ்சாப் போதும். அப்ப 60,000லருந்து 1,00,000 கெண்டெலா வரைக்கும் உள்ளதைத் தேடுங்க. கெண்டெலாவே போடாம லூமன் மட்டும் போட்டிருந்தா அந்தப் பக்கத்தை மூடிருங்க.

தூரம் எங்கிருந்து வருது? ரெண்டே விஷயம். உள்ள இருக்கிற வெள்ளிக் கிண்ணம் அகலமா, ஆழமா, வழவழன்னு இருக்கணும். எல்.இ.டி. சின்னதா, முகம் தட்டையா இருக்கணும். மேல கண்ணாடிக் குமிழ் மாதிரி உப்பி இருக்கிற பெரிய எல்.இ.டி. கிட்டத்துல அள்ளி வீசும், தூரம் போகாது. ஒரே டோர்ச்சுக்கு நாலு வகை எல்.இ.டி. போட்டு விப்பாங்க. கான்வோய்ங்கிற கம்பனியில அப்படித்தான், ஆர்டர் போடும்போது எதுன்னு தெரிவு செய்யணும். தூரத்துக்கு எஸ்.எஃப்.டி.40 மாதிரி தட்டை முகத்தை எடுங்க. லூமன் கூடன்னு பெரிய எல்.இ.டி. எக்ஸ்.எச்.பி.70ஐ எடுத்துட்டு "அண்ணே தூரம் போகல"ன்னு என்கிட்ட வராதீங்க.

இந்தத் தலையை முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கிற ஸூம் டோர்ச் இருக்கே, எனக்கு அதைக் கண்ணுலயே காட்டக் கூடாது. முன்னுக்கு இழுத்தா நடுவுல சின்னச் சதுரமா ஒரு வெளிச்சம் விழும், மீதி வெளிச்சமெல்லாம் தலைக்குள்ளயே வீணாப் போயிரும். அதைவிட, இழுக்கிற ஒவ்வொரு தடவையும் சைக்கிள் பம்ப் மாதிரி வெளிக் காத்தை உள்ள இழுக்குது. நம்ம ஊர்ல வெளிக் காத்துன்னா பாதி தண்ணி. ரெண்டாம் நாள் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி புடிச்சு நிக்கும்.

ஐயோ. மக்களே, இங்க பாருங்க. சார்ஜே ஏறல. லைட்டு சிவப்பாகல.

இது டோர்ச் பழுதில்ல. நல்லதாப் போச்சு, இதைப் பத்திச் சொல்லணும்னு இருந்தேன். நான் குத்தினது ரெண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயர், புது போன் சார்ஜரோட வர்றது. அந்த சார்ஜர், எதிர்ப் பக்கம் இருக்கிறது யாருன்னு தெரிஞ்சாத்தான் கரண்டு விடும். தெரியிறதுக்கு டோர்ச் உள்ள 5.1 கிலோஓம்ல ரெண்டு ரெசிஸ்டர் வச்சிருக்கணும். விலை குறைஞ்ச டோர்ச் செய்றவன் அந்த ரெண்டையும் மிச்சம் புடிச்சிருவான். ரெண்டு ரெசிஸ்டர்! ஒரு டொஃபி விலை கூட வராது! அதுக்காக நீங்க மீமுரே மாதிரி ஒதுக்குப்புறக் கிராமத்துல போய், புது போன் சார்ஜரும் வயரும் கையில இருந்தும், இருட்டுல உக்காரணும். பழைய அகலமான யூ.எஸ்.பி. வாய் உள்ள வயர் எடுத்தா அது யாருன்னு கேக்காது, 5 வோல்ட்டைச் சும்மா விட்டுரும். இந்தா மாத்திக் குத்துறேன்... பார்த்தீங்களா, சிவப்பு. அந்தப் பழைய வயரை வீசிராதீங்க, டோர்ச்சோட கட்டி வைங்க. சும்மா சொல்லல, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைங்க. பவர் பேங்க்லயும் அந்த அகலமான வாய் ஒண்ணு இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

எங்க விட்டேன்? ஆ, பெட்டரி. முக்கியமே இதுதான், தலைப்பும் இதுதான்.

18650ன்னா 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். 21700ன்னா 21, 70. இந்த அளவுக்குள்ள எவ்வளவு சக்தி அடைக்கலாம்ங்கிறதுக்கு எல்லை இருக்கு, அதைத்தான் எம்.ஏ.எச்.னு போடுறாங்க. நல்ல கம்பனி 18650லயே 3,500 எம்.ஏ.எச். பக்கம்தான் வரும். 21700ல 5,000 சாதாரணம். 18650 மேல 9,900ன்னு அடிச்சிருந்தா அது பொய், வேற விளக்கமே தேவையில்ல. எப்படிக் கண்டு புடிக்கிறது? மரக்கறி கடையில இருக்கிற டிஜிட்டல் தராசு போதும். இந்தா என்கிட்ட ஒண்ணு இருக்கு. இது 3,000 எம்.ஏ.எச்.னு போட்டது. வைக்கிறேன்... 47 கிராம். இப்ப இந்த 9,900... 29 கிராம்! மூணு மடங்கு சக்தியாம், எடை முக்கால் கூட இல்ல. உள்ள ஒரு சின்ன பெட்டரியை வச்சு, மீதி இடத்தை ஏதாவது தூள் போட்டு நிரப்பியிருப்பான். இந்த மாதிரி வெட்டிப் பார்த்தவங்க மாவு, மணல் எல்லாம் எடுத்திருக்காங்க. நீங்க வெட்டாதீங்க, லித்தியம் பத்திக்கும். எடை போடுங்க, போதும். நல்ல 18650 44லருந்து 50 கிராம் வரைக்கும் இருக்கும். 21700 70 கிராம் பக்கம்.

பழைய லெப்டொப்ல கழட்டின பெட்டரி டவுன்ல மலிவாக் கிடைக்குது. எனக்குப் புடிக்கல. மீற்றர் வச்சு 2.5 வோல்ட்டுக்குக் கீழ காட்டினதைச் சார்ஜ் போடவே கூடாது. அதைப் பார்க்க மீற்றர் இல்லாதவங்க புதுசு வாங்குங்க.

இப்ப 10,000 ரூபாயைப் பிரிப்போம். டொலர் 300ங்கிற கணக்குல அது 33 டொலர். கான்வோய் சி8 பிளஸ் மாதிரி ஒண்ணுன்னா 18650 போடுற, கிண்ணம் நல்லா ஆழமான டோர்ச், உடம்பு முழுக்க அலுமினியம். ஆனா சார்ஜ் ஓட்டை கிடையாது, பெட்டரியும் சார்ஜரும் தனி. பெட்டரியோட, டைப்-சியோட ஒரே பெட்டியில வேணும்னா சோஃபிர்ன் கம்பனியில 21700 போடுற சி8எல் பக்கம் போங்க. தபால் செலவையும் வரியையும் கூட்டிட்டு அப்புறம் காசு கட்டுங்க. தனியா பெட்டரி வாங்குறவங்க, பெட்டரியோட பிளஸ் முனை தட்டையா இருக்கணுமா, மொட்டு வச்சிருக்கணுமான்னு டோர்ச் விவரத்துல பாருங்க. பாதுகாப்பு சர்க்கிட் வச்ச பெட்டரி நாலஞ்சு மில்லிமீற்றர் நீளமா இருக்கும். பின் மூடி பூட்டாது, பூட்டினாலும் ஸ்பிரிங் நசுங்கும்.

நேரக் கணக்குலயும் ஏமாறாதீங்க. "2,000 லூமன், 6 மணித்தியாலம்"னு பக்கத்துல பக்கத்துல போட்டிருந்தா ரெண்டும் சேர்ந்து நடக்காது. வெளிச்சம் ஆரம்பத்துல இருந்ததுல பத்துல ஒண்ணாகுற வரைக்கும் உள்ள நேரத்தைத்தான் அந்த எஃப்.எல்.1 தரத்துல எழுதுறாங்க. 2,000ல வச்சா ரெண்டு மூணு நிமிசத்துல சூடேறி தானாக் குறைஞ்சிரும். குறையணும், இல்லன்னாத்தான் பயப்படணும். 18650 ஒண்ணுல 500 லூமன்னா ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல. 100 லூமன்னா 10 மணித்தியாலம் தாங்கும். ஃபுல்லுல எரியவிட்டு கூடாரத்துக்குள்ள கவுத்து வைக்காதீங்க, நைலோன் உருகும்.

பனி. பதுளைத் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார், "மூட்டத்துல மஞ்சள் வெளிச்சம் ஊடுருவுமா அண்ணே?" இல்ல தம்பி. பனித் துளி பெருசு, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். கெல்வின்னு போடுறது வெளிச்சத்தோட நிறம். 4000 கெல்வின், 5000 கெல்வின் கண்ணுக்குக் கூசாது, மண்ணும் வேரும் பிரிஞ்சு தெரியும், அதுக்காக வாங்குங்க. 6500 நீல வெள்ளை எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு. மூட்டத்துக்கு மருந்து வேற: வெளிச்சத்தைக் குறைங்க, டோர்ச்சை இடுப்புக்குக் கீழ புடிங்க. கண்ணுக்குப் பக்கத்துல புடிச்சா திரும்பி வர்ற வெளிச்சம் நேரா கண்ணுலயே விழும், முன்னால வெள்ளைச் சுவர்தான். நெத்தி லைட் போட்டிருந்தா அதைக் கழட்டிக் கையில எடுங்க. சிவனொளிபாதமலையில சீசன் நேரம் படியெல்லாம் லைட் இருக்கு, சீசன் முடிஞ்சு ஏறுறவங்களுக்கு இது கட்டாயம்.

தண்ணி எவ்வளவு தாங்கும்ங்கிறதுக்கு ஐ.பி.எக்ஸ்.னு ஒரு நம்பர் இருக்கும், 7 இல்லாட்டி 8 பாருங்க. 7ன்னா ஒரு மீற்றர் ஆழத்துல அரை மணித்தியாலம். 4ன்னா சாரல் மட்டும்தான், நம்ம ஊருக்குப் பத்தாது. பின் மூடி மரையில கறுப்பு ரப்பர் வளையம் இருக்குல்ல, ஓ ரிங், அது காய்ஞ்சா எந்த நம்பரும் வேலை செய்யாது. சிலிக்கோன் கிரீஸ் ஒரு மிளகு அளவு தடவுங்க. தேங்காய் எண்ணெய் தடவுறவங்க இருக்காங்க! அது 24 பாகைக்குக் கீழ உறையிற சாமான். நுவரெலியாவுல போத்தல்லருந்தே வராது, மரைக்குள்ள மெழுகா நிக்கும்.

அப்புறம் பின் மூடியைக் கால் சுத்து தளர்த்தினா நிறைய டோர்ச்ல கரண்டு அறுந்துரும். பைக்குள்ள தானா எரியாது. இதை முதல்லயே சொல்லியிருக்கணும். மின்னி மின்னி எரியிற ஸ்ட்ரோப், சாதாரண அழுத்துல மாறி மாறி வந்தா வாங்காதீங்க, பாதை பார்க்கும்போது கண்ணு போயிரும். உதவி கேக்குறதுக்கு அது தேவையுமில்ல. மலையில ஒரு நிமிசத்துக்கு ஆறு தடவை அடிச்சு, ஒரு நிமிசம் நிறுத்தி, திரும்ப ஆறு. பதில் நிமிசத்துக்கு மூணு. கையால அழுத்தினாலே போதும்.

சிறுத்தையோ மரை மானோ கண்ணு மின்னினா ஒரு தடவை பார்த்துட்டு வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கிருங்க, முகத்துலயே புடிச்சுக்கிட்டு வீடியோ எடுக்காதீங்க.

இப்ப அடிச்சுக் காட்டலாம்னு பார்த்தா... கதவைத் திறக்கிறேன்... மழை விட்டுருச்சு, மூட்டம் வந்துருச்சு. எதிர்ல தேயிலை மலையே காணோம். சரி, இதையே பாருங்க. நெத்திகிட்ட புடிக்கிறேன்: சுவர். இடுப்புக்கு இறக்கி, 100 லூமனுக்குக் குறைக்கிறேன்: படி தெரியுதா? மூணாவது படியில என் செருப்பு. தூரம் அடிக்கிறதை வானம் தெளிஞ்ச அன்னைக்கு எடுத்துப் போடுறேன்.

ஆ, அந்த 29 கிராம் பெட்டரி வீட்டுல இருக்கிறவங்க அதைக் குப்பையோட சேர்த்து எரிச்சிராதீங்க. ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, போன் திருத்துற கடையில பழைய பெட்டரி எடுக்கிறாங்களான்னு கேட்டுக் குடுங்க.