இளம் ரக்பி வீரருக்கு எந்த இடம்?

நேயர்களுக்கு வணக்கம். ரக்பி யூனியன் ஆட்டத்தில் இளம் வீரர்களை வளர்த்தெடுப்பது குறித்தும், களத்தில் அவரவருக்கு உரிய இடத்தைக் கண்டறிவது குறித்தும் இன்று பேசவிருக்கிறேன். ஓர் அணியில் 15 பேர் ஆடுகிறார்கள். 1 முதல் 8 வரை எண்ணிட்ட சட்டை அணிந்தவர்கள் முன்கள வீரர்கள். ஸ்க்ரம்மில் தோளோடு தோள் பிணைந்து எதிரணியைத் தள்ளுவதும், லைன் அவுட்டில், அதாவது ஓரக்கோட்டுக்கு வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறியும்போது, அதைப் பிடிப்பதும் இவர்கள் பொறுப்பு. 9 முதல் 15 வரையிலான பின்கள வீரர்கள் அப்படிக் கிடைத்த பந்தைக் கொண்டு இடைவெளி தேடி ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், கடத்துகிறார்கள். கனத்த உடல், நெடிய உடல், குறுகிய உடல் என்று எல்லா உடலுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு என்பது இந்த ஆட்டத்தின் பெருமை. ஆனால் உடலைப் பார்த்தவுடனேயே வேலையைத் தீர்மானித்துவிடும் அவசரமும் அந்தப் பெருமையிலிருந்துதான் பிறக்கிறது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் முதன்முறையாகப் பயிற்சிக்கு வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது? பருத்தவனை ஸ்க்ரம்மின் முன்வரிசை ஓரத்தில் நிற்கும் ப்ராப் ஆக்குகிறோம், உயர்ந்தவனை இரண்டாம் வரிசையில் நிற்கும் லாக் ஆக்குகிறோம், வேகமாக ஓடுபவனைக் களத்தின் ஓரமான விங்கில் நிறுத்துகிறோம், சிறியவன் வாய்த்துடுக்கும் உள்ளவனாக இருந்தால், ஸ்க்ரம்மிலிருந்து வரும் பந்தை எடுத்துக் கடத்தும் ஸ்க்ரம் ஹாஃபின் சட்டையைக் கொடுத்துவிடுகிறோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பங்கீடு பல பிள்ளைகளுக்கு ஆறேழு ஆண்டுகள் மாறாமல் நிலைத்துவிடுகிறது. ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள் என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஒரே ஆண்டில் பிறந்த இருவரின் உடல் முதிர்ச்சிக்கிடையே சில ஆண்டுகள் இடைவெளி இருப்பது மிகவும் சாதாரணம். பதின்மூன்று வயதில் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியவன் பதினெட்டில் நடுத்தர உயரத்தோடு நிற்கலாம். அன்று அவன் தோளுக்குக் கீழே நின்றவன் அவனைவிட ஒரு தலை உயர்ந்திருக்கலாம்.

இந்தப் பங்கீட்டால் இருவருமே இழக்கிறார்கள். முன்கூட்டியே வளர்ந்த பிள்ளைக்கு எதிராளியை ஏமாற்றி விலக வேண்டிய தேவையே வருவதில்லை. பந்தைக் கடத்த வேண்டிய தேவையும் வருவதில்லை. நேராக ஓடினால் ட்ரை, அதாவது எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றும் வெற்றி, கிடைக்கிறது; கைதட்டலும் கிடைக்கிறது. மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டிப்பிடிக்கும் வயதில் அவன் கையில் வேறு எந்தத் திறமையும் இருப்பதில்லை. பிந்தி வளரும் பிள்ளையோ காலசைவையும், நேரம் பார்த்துப் பந்தைக் கடத்துவதையும், தன்னைவிடப் பெரியவனை இடுப்புக்குக் கீழே டேக்கிள் செய்து வீழ்த்துவதையும் கட்டாயத்தின் பேரில் கற்றுக்கொள்கிறான். ஆட்டத்தில் தொடர்ந்தால் அவை அவனுக்கு வாழ்நாள் சொத்து. ஆனால் அவர்களில் பலர் தொடர்வதில்லை. வயதுப் பிரிவைக் கணக்கிடும் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் மிகுதியாக இடம்பெறுகிறார்கள் என்பது பல விளையாட்டுகளில் கவனிக்கப்பட்ட உண்மை. ரக்பியும் அதற்கு விலக்கன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இளையோர் போட்டிகளில் வயதோடு எடையையும் பார்த்துப் பிரிவு அமைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. உடல் முதிர்ச்சியை மதிப்பிட்டுக் குழு பிரிக்கும் முறைகளும் இப்போது வந்திருக்கின்றன. அத்தகைய பிரிவில் ஆண்டில் சில வாரங்கள் ஆடவைத்தால் போதும் என்பது என் கருத்து. பருத்த சிறுவன் தனக்கு இணையான உடல்களை அங்கே சந்திப்பான், சிறியவன் மூச்சுவிட இடம் பெறுவான். ஆண்டு முழுவதும் அப்படியே பிரித்து வைத்தால் நண்பர்களோடு ஆடும் மகிழ்ச்சி போய்விடும்.

புகழ்பெற்ற வீரர்கள் சிலரின் தொடக்கத்தைப் பாருங்கள். ஜோனா லோமு பள்ளிக் காலத்தில் முன்கள வீரர், அதாவது ஸ்க்ரம்மின் பின்வரிசையில் ஆடியவர். நியூசிலாந்து தேசிய அணி அவரை விங்கில் நிறுத்தியது. 1994-இல் 19 வயதில் பிரான்ஸுக்கு எதிராக அவர் அறிமுகமான தொடரின் இரண்டு போட்டிகளிலும் நியூசிலாந்து தோற்றது. விங்கில் எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது என்பதெல்லாம் அவருக்கு இன்னும் பழகவில்லை. மறு ஆண்டு உலகக் கோப்பையில் அவர் 7 ட்ரைகள் அடித்தார். இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் மட்டும் நான்கு. அவருடைய உடலும் வேகமும் இரண்டு ஆண்டுகளிலும் அவையேதான். இடத்துக்குரிய அறிவு சேர்வதற்கு ஓராண்டு பிடித்தது. டான் கார்ட்டர் 2003-இல் நியூசிலாந்துக்காக முதலில் ஆடியது 12-ஆம் எண் சட்டையில், அதாவது உள் சென்டராக. பின்னர்தான் ஆட்டத்தின் போக்கை முடிவுசெய்யும் 10-ஆம் எண் இடமான ஃப்ளை ஹாஃப் ஆனார். 2005-இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட்டில் 10-ஆம் எண்ணோடு அவர் எடுத்த 33 புள்ளிகள் இன்றும் பேசப்படுகின்றன. ஜானி வில்கின்சனும் 1999-இல் இங்கிலாந்துக்கு உள் சென்டராக ஆடியவரே. ஃப்ளை ஹாஃபின் பக்கத்தில் நின்று ஆடும்போது, அவர் எடுக்கும் முடிவுகளின் சுமை இல்லாமலே அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைப் பார்க்க முடிகிறது. இளம் ஃப்ளை ஹாஃப் ஒருவரைச் சில காலம் 12-ஆம் எண் இடத்தில் ஆடவைப்பதை அவருடைய பெற்றோர் தண்டனையாக நினைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து இடம் தேர்வது? பந்து கையில் இல்லாதபோது அந்தப் பிள்ளை என்ன செய்கிறான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே எதிரணியின் தற்காப்பு வரிசையைக் கண்ணால் ஒருமுறை அளந்துவிடும் பழக்கம் சிலருக்கு இயல்பாகவே இருக்கிறது. ஃப்ளை ஹாஃபுக்கோ, எல்லோருக்கும் பின்னால் நிற்கும் 15-ஆம் எண் வீரரான ஃபுல் பேக்குக்கோ வேண்டிய முதல் தகுதி அதுதான், உதைக்கும் தூரம் பிறகு வரும். எதிரணி உதைக்கப் போகிறது என்று அதன் கால் அசைவதற்கு முன்பே பின்னோக்கி நடக்கத் தொடங்குபவனை ஃபுல் பேக்காக ஆடவைத்துப் பாருங்கள். டேக்கிள் செய்து விழுந்தவுடன் எழுந்து அடுத்த மோதலுக்கு யாரும் சொல்லாமல் ஓடுகிறவன், ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் நிற்கும் ஃப்ளாங்கருக்குரிய குணம் உள்ளவன்; அவன் எடை ஐந்து கிலோ குறைவாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்க்ரம் ஹாஃபுக்கு நாக்கைவிட முக்கியமானது, பந்து விழும் இடத்துக்கு முதலில் போய்ச் சேர்வதும் இரு பக்கமும் ஒரே தரத்தில் கடத்துவதும். ஓட்டப்பந்தயக் கடிகாரத்தை மட்டும் நம்பி விங்கரைத் தேர்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 40 மீட்டரில் முந்துபவன் முதல் பத்து மீட்டரில் பிந்துபவனாக இருக்கலாம். ஆட்டத்தில் பெரும்பாலான ஓட்டங்கள் அந்தப் பத்து மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் பதினைந்து பேர் ஆடும் முழுப் போட்டியில் காண்பது கடினம், ஏனென்றால் ஓரத்தில் நிற்கும் சிறுவனிடம் பந்து வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று சிறு குழுக்களாக ஆடவைத்து, இடையில் ஒரு பக்கத்தின் எண்ணிக்கையைச் சொல்லாமல் கூட்டியோ குறைத்தோ பார்த்தால், மாறிய நிலைமையை யார் முதலில் கவனிக்கிறார் என்பது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

இடங்களுக்கிடையே உள்ள உறவு சட்டை எண்ணின் வரிசையில் அமைவதில்லை. ஃப்ளை ஹாஃபும் ஃபுல் பேக்கும் எண்ணளவில் தொலைவில் இருந்தாலும் களத்தைப் படிக்கும் வேலையில் உறவினர்கள். நியூசிலாந்தின் போடன் பாரெட் 2019 உலகக் கோப்பையில் 10-ஆம் எண் இடத்திலிருந்து 15-க்கு மாறி ஆட முடிந்தது அதனால்தான். மோதலில் பந்தைக் கவரும் வேலையில் சென்டரும் ஃப்ளாங்கரும் நெருங்கியவர்கள். ஃபிஜியின் லெவானி போட்டியா இரண்டு இடங்களிலும் உயர்மட்டத்தில் ஆடியவர். முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கரும் ஃப்ளாங்கரும் அத்தகைய இணையே. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர் தொடக்க நிமிடங்களிலேயே காயமடைந்து வெளியேற, ஃப்ளாங்கராகவும் ஆடும் டியோன் ஃபூரி 37 வயதில் ஹூக்கராக இறங்கி ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் ஆடினார். அணி 12-11 என்ற கணக்கில் நியூசிலாந்தை வென்றது. ஒரு பிள்ளைக்கு இரண்டாவது இடம் பழக்க நினைப்பவர்கள் இப்படிப்பட்ட உறவைப் பார்த்துத் தேர்வது நல்லது.

முன்வரிசை மட்டும் இந்தத் தாராளத்துக்கு உட்படாது. ப்ராப்புகளும் ஹூக்கரும் ஸ்க்ரம்மில் கழுத்தையும் முதுகையும் பணயம் வைத்து நிற்பவர்கள். தகுந்த பயிற்சி பெற்றவர்களே அங்கே ஆட வேண்டும் என்று விதி சொல்கிறது. அப்படிப்பட்டவர் இல்லாவிட்டால் தள்ளு இல்லாத ஸ்க்ரம்தான். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. எனவே ஆளில்லாத குறைக்கு ஒரு பருத்த சிறுவனைப் போட்டி நாளன்று ப்ராப் ஆக்குவது திறமைத் தேர்வும் அன்று, ஆட்டமும் அன்று, அபாயம். முன்வரிசைக்குள்ளேயே இடம் மாறுவதுகூட எளிதன்று. இடப்பக்க ப்ராப்பின் ஒரு தோள் வெளிப்புறம் திறந்திருக்கும். வலப்பக்க ப்ராப்பின் தலை எதிரணியின் இருவருக்கு நடுவே சிக்கியிருப்பதால் அழுத்தத்தை இரு தோளிலும் தாங்க வேண்டும். அயர்லாந்தின் ஆண்ட்ரூ போர்ட்டர் இளையோர் அணியில் இடப்பக்கம் ஆடி, பின்னர் வலப்பக்கம் மாறி, 2021-இல் மீண்டும் இடப்பக்கம் திரும்பினார். இத்தகைய பயணத்தைத் தாங்குபவர்கள் அரிது. பிள்ளை தானாக விரும்பினால், தாழ்ந்து நிற்பதையும் முதுகை நேராக வைப்பதையும் எதிராளி இல்லாமலே மாதக்கணக்கில் பழக்கிய பிறகு முன்வரிசைக்கு அனுப்பலாம்.

எல்லா இடத்திலும் ஆடுபவன் கடைசியில் எந்த இடத்துக்கும் முதல் தேர்வாக இல்லாமல் மாற்று வீரர் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுவான் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பதினைந்து வயது வரை பல இடங்களையும், பதினாறிலிருந்து ஓர் இடத்தையும் அதன் உறவு இடம் ஒன்றையும் ஆடுவது ஏற்ற நடு வழி என்று நினைக்கிறேன். பெண்கள் ஆட்டத்தில் இந்தக் கணக்கு பிந்தித் தொடங்கலாம், ஏனெனில் வேறு விளையாட்டிலிருந்து இருபதை நெருங்கும்போது வருகிறவர்கள் அங்கே அதிகம். நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன் நெட்பாலிலிருந்து வந்தவர்.

இடத்தை மாற்றும் முடிவைப் பெயர்ப்பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளக் கூடாது. ஏன் மாற்றுகிறோம், எத்தனை போட்டிகளுக்கு மாற்றுகிறோம், எதைக் கவனிக்கப் போகிறோம் என்பதை நேரில் சொல்லி, அந்தக் காலம் முடிந்ததும் அவனிடமே கேட்க வேண்டும். புதிய இடத்துக்காகப் பத்துக் கிலோ ஏற்று என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளர்ந்து முடியாத எலும்பின் மேல் அவசரமாக ஏற்றும் எடை காலசைவைக் குறைத்து மூட்டுகளை வருத்தும் என்பதால், எடை கூடுவதை வளர்ச்சிக்கும் முறையான வலுப்பயிற்சிக்கும் விட்டுவிட்டு, அந்த இடத்தின் திறமைகளைச் சொல்லித்தரத் தொடங்குவதே பயிற்சியாளர் செய்ய வேண்டிய வேலை. நன்றி, வணக்கம்.